லிஃப்ட் பற்றிய கூட்டம்

ஞாயிறு, அக்டோபர் 12.

தூக்கம் வரவில்லை.

மாலை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்டம். வீட்டுவேலைக்கு வருபவர்கள் இனி லிஃப்ட்டில் ஏறக்கூடாது, பின்படிக்கட்டில்தான் வரவேண்டும் என்றார் கன்னடக்காரரான செயலாளர். கூட்டத்தில் எல்லோரும் ஆங்கிலம்தான் பேசுவோம். வெள்ளைக்காரன் போய் இத்தனை காலமாகியும் கௌரவத்துக்கு அவன் மொழிதான். அதில் சொன்னபோது சுகாதாரம், ஒழுங்கு என்று நாகரிகமாகவே இருந்தது. பலர் தலையாட்டினார்கள்.

தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த செல்வி என்னிடம் குனிந்தாள். நான்காம் மாடியில் வேலை செய்யும், தமிழும் கன்னடமும் பேசும் ஹனூர்க்காரி, முழங்கால் வலி வேறு. "என்னங்கய்யா, எங்களப் பத்தித்தானே பேசறாங்க?"

மறுப்பதற்கு ஓர் ஆங்கில வாக்கியத்தை மனதுக்குள் திருத்திக்கொண்டே இருந்தேன். அதை விட்டுவிட்டு எழுந்தேன். "சார், இதைச் செல்வியிடமே கன்னடத்தில் சொல்லிவிடுங்கள்" என்று கன்னடத்திலேயே கேட்டேன்.

செயலாளர் அவள் பக்கம் திரும்பினார். "செல்வியம்மா, நாளெயிந்த நீவு லிஃப்ட்டு..." 'நாளையிலிருந்து நீங்கள் லிஃப்ட்' என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "ஆமேலே நோடோணா", பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த மாதம் மறுபடி கொண்டுவரலாம். அன்றும் எனக்கு வாய் வருமா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது, "நீங்களா பேசினீங்க? ஜுரம் ஒண்ணும் இல்லையே?" என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சிரித்தேன். என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருக்கிறது.

அதற்கு முன், கூட்டம் முடிந்ததும் செல்வி லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு, "வாங்கய்யா, போலாம்" என்றாள். எங்கள் வீடு முதல் மாடி, எப்போதும் படியில்தான் போவேன். இன்று ஏறினேன்.