கரண்ட் இல்லாத நேரத்து இன்டர்நெட்

12 ஆகஸ்ட் 2002, திங்கள்

மருமகள் மாடியில் இன்டர்நெட் போட்டால் கீழே நான் போனை எடுக்கக் கூடாது. ஒரே லைன், இணைப்பு அறுந்துவிடுமாம். இன்று மாலை கரண்ட் போனது. விசிறி நின்ற பிறகும் மேலிருந்து கத்தினாள்: "அயித்தை, போனை எடுத்துறாதீக, நெட்டுல இருக்கேன்!"

கம்ப்யூட்டர் எதில் ஓடுகிறது? சத்தமின்றிப் போனை எடுத்தேன். நெட் ஓடும்போது கேட்கும் கீச்சொலி இல்லை, அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"கண்டனூர் வீட்டை ஓட்டலுக்கு விக்க அயித்தை சம்மதிக்க மாட்டாகளே?"

"ஆத்தாட்ட வரி விஷயம்னு சொல்லு. படிக்காமக் கையெழுத்துப் போட்டுருவாக."

சென்னையிலிருந்து என் மகன்தான். என்னோடு பேச மட்டும் அவனுக்கு நேரமில்லை.

ராத்திரி சாப்பிடும்போது, "நெட்டு கிடைச்சுதா?" என்று கேட்டேன். "ரொம்ப ஸ்லோ அயித்தை" என்றாள், இடியாப்பத்தைப் பிட்டபடி.

நாளைக்கே தாளோடு வருவாளோ? மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.