வலது பக்கம் சத்தம் போதவில்லை

19/5 திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. கிள்ளானில் கொமுட்டர் ரயில் தாமதம். பிரிக்பீல்ட்ஸ் கடை மாடியில் என் எடிட்டிங் அறைக்கு வந்து சேரும்போது பத்தரை.

தினேஷ் கல்யாண வீடியோவை மூன்றாவது தடவையாகத் திருப்பி அனுப்பிவிட்டான். கல்யாணப் பெண்ணின் தம்பி, மேருவில் வீடு. "அண்ணே, ரைட் சைடு மட்டும் கத்துது லா. அம்மா காதைப் பொத்திக்கிட்டாங்க." ஞாயிறு மதியம் செராஸில் விருந்து. பெரிய திரையில் போடப் போகிறார்களாம்.

கத்துகிறதா? எனக்கு வலது பக்கம் போதவே இல்லை. நான்தான் ஏற்றி ஏற்றி வைத்தேன். அவன் வீட்டு ஸ்பீக்கர் லட்சணம் அப்படி.

வாங்க வேண்டியவை: கறிவேப்பிலை, பேட்டரி, குடை (மறுபடியும் ரயிலில் விட்டாச்சு).

20/5 செவ்வாய்
புழுக்கம். கேமரா எடுக்கும் சங்கரைப் பிடித்துத் திட்டினேன், மைக்கை ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை என்று. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். ஹெட்போனை மாற்றினேன். புதிதிலும் அதே கதை.

தே தாரிக் டீ நாலு கிளாஸ். உட்கார முடியவில்லை. நாற்காலி ஜன்னல் பக்கம், அப்புறம் சுவர் பக்கம், திரும்ப ஜன்னல் பக்கம். கீழே பூக்கடை அக்கா, "என்ன தம்பி, மேல வீடு மாத்துறீங்களா?"

22/5 வியாழன்
வெறுத்துப்போய் எல்லாவற்றையும் ரீசெட் செய்தேன். போட்ட எஃபெக்ட், ஏற்றி இறக்கிய வால்யூம், எல்லாம். மூன்று வார வேலை, ஒரே க்ளிக். மிஞ்சியது மண்டபத்தில் அன்று பதிவான சத்தம் மட்டும். நாதஸ்வரம், தவில், யாரோ ஓர் ஆன்டி "தள்ளி நில்லுங்க லா" என்பது.

திரையில் சத்த அளவைக் காட்டும் இடது, வலது இரண்டு பச்சைக் கோடும் ஒரே உயரம். கேட்டால் வலது பக்கம் எங்கேயோ தூரத்தில். ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பார்த்தேன், இடது பக்கத்தை வலது காதில். இப்போது இடது பக்கச் சத்தம் தூரத்தில்.

கழற்றி மேசையில் வைத்துவிட்டேன்.

என் காதுதான். வலது காது. பன்னிரண்டு வருடம் உறுமி மேளத்துக்கு ஒட்டினாற்போல ரெக்கார்டரைப் பிடித்து நின்ற காது.

பயமாக இருக்கிறது. வெளியே தெரிந்தால் எவன் வேலை கொடுப்பான்? இதுவரை எத்தனை கல்யாணத்தை இப்படி ஏற்றிக் கொடுத்தேனோ.

23/5 வெள்ளி
காதை நம்பாமல் பச்சைக் கோட்டை மட்டும் பார்த்து முதலிலிருந்து செய்தேன். சத்தத்தைக் கண்ணால் பார்க்கும் பிழைப்பு. தினேஷுக்கு அனுப்பினேன். இப்போது சரியாக இருக்கிறதாம், என்ன செய்தீர்கள் என்று கேட்டான். சின்ன செட்டிங் என்றேன். பொய்.

காது டாக்டரிடம் செவ்வாய்க்கிழமை நேரம் கிடைத்தது.

சங்கரிடம் மன்னிப்பு கேட்க வேண்டும். என்ன காரணம் சொல்ல?

வீட்டில் புனிதாவிடம் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன். மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று முடித்தேன். பெண்டாட்டியிடம் சொல்லவே இந்தப் பாடு.

25/5 ஞாயிறு
செராஸ் விருந்து. புனிதாவும் வந்தாள். வீடியோ ஓடியபோது பெண் அழுதாள், தினேஷ் கட்டைவிரலைக் காட்டினான். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

என்ன ஆச்சு என்று புனிதா பின்னாலேயே வந்தாள். கார் நிறுத்திய இடத்தில் போட்டு உடைத்தேன். வலது காது சரியாகக் கேட்கவில்லை, கொஞ்ச நாளாகவே இருக்கும்போல, தொழில் போய்விடும். அவள் முகம் மாறவே இல்லை.

"தெரியும். தீபாவளியிலேருந்து உங்க இடது பக்கமா வந்துதான் பேசுறேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. தெரிந்துகொண்டே ஆறேழு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னேங்க. ரெண்டு தடவ. அப்ப வலது பக்கம் நின்னேன்."