மைனஸ் வந்தால் அடித்துவிடு

1952 ஆகஸ்ட் 24, ஞாயிறு

லாபு சாலையில் காட்டுக் கம்யூனிஸ்டுகள் பஸ்ஸை மறித்து எரித்ததிலிருந்து சிரம்பானுக்கு வண்டி ஒழுங்காக ஓடவில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் வீரமுத்துவின் மகள் மயிலம்மாள் பள்ளிக்கூடம் போக முடியாமல் லயத்து வீட்டில் கிடக்கிறாள். மத்தியானம் அப்பனும் மகளும் நான் பதிவேடு எழுதும் ஆபீசுக்கு வந்தார்கள்.

"இவ போகாத நேரத்துல வகுப்புல லாக் கணக்கு முடிச்சிட்டாங்களாம் சார். நீங்க சீனியர் படிச்ச கிராணி, கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

அடுத்த மாதம் முன்தேர்வு. தேறினால்தான் சீனியர் கேம்பிரிட்ஜ் எழுத விடுவார்கள். இல்லையென்றால் அம்மாவோடு பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போக வேண்டும் என்று வீட்டில் முடிவாம்.

சரி என்றேன். சீனியரில் நான் கோட்டைவிட்டதே கணக்கில்தான். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

செப்டம்பர் 3

கெட்டிக்காரி. இரண்டு லாக்கைக் கூட்டினால் உள்ளே இருப்பதைப் பெருக்க வேண்டும், வலப்பக்கம் 1 என்றால் பெருக்கியது 10 என்று ஒருமுறைதான் சொன்னேன். பிடித்துக்கொண்டாள். ஆனால் கடைசியில் x-க்கு இரண்டு விடை வருகிறதே, எதை எழுதுவது என்று கேட்டாள். எனக்கே தெரியாது. புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்த்தேனா?

"பால் நிறுக்கிறப்ப வாளி எடையக் கழிச்சா மைனஸ் வருமா? வராது. வந்தா எழுதினவன் தப்பு, சிவப்பு மசியால அடிச்சிருவோம். இதுவும் அப்படித்தான்லா. மைனஸ் வந்தா அடிச்சிரு."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல சார்" என்று சிரித்தாள். அதன்பின் போட்ட கணக்கெல்லாம் சரியாகவே வந்தது. எனக்கென்ன குறைச்சல் என்று காலரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

செப்டம்பர் 19

பஸ் மறுபடி ஓடுகிறது. முன்தேர்வு முடிந்தது. தோட்டத்து முள்வேலி கேட்டில் காவல்காரன் அவள் பையைக் கொட்டிச் சோதித்துக்கொண்டிருந்தான். அங்கிருந்தபடியே, "லாக் முழுக்கப் போட்டுட்டேன் சார்" என்றாள்.

அக்டோபர் 1, புதன்

தேறவில்லை. லாக் கேள்வியில்தான் போயிருக்கிறது.

தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். லாக் (4 − x) + லாக் (1 − x) = 1. வரிவரியாக அழகாகப் போட்டு, 6, −1 என்று இரண்டு விடையும் எடுத்திருக்கிறாள். −1-ஐ அடித்துவிட்டு 6-ஐ வைத்திருக்கிறாள்.

போட்டுப் பார்த்தேன். x −1 என்றால் உள்ளே 5, 2. பெருக்கினால் 10. சரி. x 6 என்றால் உள்ளே −2. மைனஸுக்கு ஏது லாக்? மைனஸ் ஆகக் கூடாதது உள்ளே இருப்பது. x ஆகலாம். இவ்வளவுதான் விஷயம். இது தெரியாத நான் வாத்தியார்.

பின்னாலேயே வீரமுத்து வந்துவிட்டார். "என்னா சார், புள்ள ஒழுங்காப் படிக்கலியா?"

"கொஞ்சம் கவனக்குறைவு" என்றேன்.

சொல்லிட்டேன். அவ பக்கத்துலதான் நிக்கிறா. தாள மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டா. நானெல்லாம் ஒரு மனுஷனா?

அக்டோபர் 2

சோறு இறங்கவில்லை.

அக்டோபர் 4

வீரமுத்து வீட்டுப் பக்கம் போனேன். கதவு திறந்திருந்தது. திரும்பி வந்துவிட்டேன். கோழை.

அக்டோபர் 6, திங்கள்

விடியற்காலைப் பெரட்டு, ஆட்களை நிறுத்திப் பெயர் வாசிக்கும் நேரம். ஆட்கள் பெயர் பதியும் செக்ரோலில் புதுப் பெயரை நேற்று நானே எழுதியிருந்தேன்.

"மயிலம்மாள்."

"இருக்கேன்."

அப்பாவின் பழைய சட்டை, தலையில் துண்டு, கையில் புதுப் பால்கத்தி. அடுத்த பெயரை என்னால் வாசிக்க முடியவில்லை. வரிசை முழுக்க என்னையே பார்த்தது.

"மண்டோரே, தப்பு ஒங்க மகளோடது இல்ல. நான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். நானே கணக்குல பெயில்" என்றேன். எல்லோர் முன்னாலும்.

வீரமுத்து வரிசையைத் தாண்டி என் முன்னால் வந்து நின்றார். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா இவள இங்க நிறுத்தியிருப்பனா சார்?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அக்டோபர் 8

தொரையிடம் லீவு கேட்டு, வீரமுத்துவோடு சிரம்பான் பள்ளிக்குப் போனேன். கணக்கு டீச்சரிடம் வாளி எடைக் கதையைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் தாளைத் திரும்ப ஒருமுறை படித்தார். வழிமுறை முழுக்கச் சரி, இன்னொரு தாள் வைத்துப் பார்க்கிறேன் என்றார். என்னிடம், "நீங்கள் யாருக்கும் கணக்குச் சொல்லித் தராதீர்கள்" என்றார். தலையாட்டினேன். பஸ்ஸில் வீரமுத்து வேறு இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

அக்டோபர் 17, வெள்ளி

மறு தாள் எழுதித் தேறிவிட்டாளாம். கேட்டில் காவல்காரன் சொல்லித்தான் தெரியும். என்னிடம் சொல்ல அவளுக்கு என்ன இருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

பெரட்டில் பழக்கதோஷத்தில் அவள் பெயரை வாசித்துவிட்டேன். பதில் இல்லை. சிவப்பு மசிப் பேனாவை எடுத்தேன், உடனே கீழே வைத்துவிட்டேன்.

"மண்டோரே, பொண்ணு பஸ் ஏறிடுச்சா?"

"ஏறிட்டா. நானே ஏத்திவிட்டேன்."

"நிச்சயமா?"

"நிச்சயந்தான் சார்."

அதற்குப் பிறகுதான் அவள் பெயரை அடித்தேன்.