லின்னும் சிரித்தாள்

2025 மார்ச் 4, செவ்வாய்

இன்று தொழிற்சாலைக் கன்ரீனில் எங்கள் மேசையைப் படம் எடுத்தார்கள். மனேஜர் கிரெக்குக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. வகுப்பு வைத்துப் படிப்பிப்பதைவிட, வேலையாட்கள் சாப்பிடும்போது கதைத்துப் பழகிக்கொள்வதுதான் கூடப் பயன் என்று தலைமை அலுவலகம் எழுதியிருக்கிறதாம். அதற்கு உதாரணம் நான் லீடராக நிற்கும் லைனாம். 'லேர்னிங் சாம்பியன்' என்று ஒரு பட்ஜையும் என் சட்டையில் குத்திவிட்டார். ஐம்பது தாண்டிய பிறகு சாம்பியன்! வீட்டில் காட்டினால் இவர், "அப்ப இனி ரீ நான்தான் போடவேணுமோ?" என்கிறார்.

படத்தில் நான், சிவசோதி, புதிதாக வந்த கஜந்தி. ஓரத்தில் லின். வியட்நாம்காரி, ஏஜென்சி அனுப்பிய தற்காலிக ஆள். கஜந்தி சேர்ந்த அதே கிழமைதான் அவளும் சேர்ந்தாள். எங்கள் புட்டை ருசித்துச் சாப்பிடுவாள்.

மார்ச் 7, வெள்ளி

சிவசோதி இருந்தால் சாப்பாடு இறங்காது, அவ்வளவு சிரிப்பு. கடைகளுக்குப் போகும் சோற்றுத் தட்டுகளை மூடி ஒட்டும் மெசினைப் பற்றிக் கஜந்திக்குக் கதை சொன்னான். பிளாஸ்ரிக் சுருளை மாற்றினால் மெசினின் சூடு இறங்கிவிடும். பச்சை லைட் எரியும், ஆனால் முதலில் வரும் நாலைந்து தட்டுகள் சரியாக ஒட்டியிருக்காது. எடுத்து நீலப் பெட்டியில் போட்டுப் பின்கதவால் குப்பைக்குக் கொண்டுபோக வேண்டும். மெசின் பற்றிய எந்தத் தாளிலும் இது இல்லை.

"பச்சை லைட்டை நம்பின விசரன் நான் ஒருத்தன்தான். கறி முழுக்க என்ர சப்பாத்துக்குள்ள. வீட்டை போகுமட்டும் நாய் பின்னால வந்தது!"

கஜந்திக்குப் புரையேறிவிட்டது. லின்னும் சிரித்தாள்.

மார்ச் 13, வியாழன்

எங்கள் தட்டுகளில் நாலைந்து கடையில் ஒழுக, பெட்டி பெட்டியாக எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவற்றை ஒட்டிய அன்று மெசினில் நின்றது லின். சுருளை மாற்றிவிட்டு, பச்சை லைட்டைப் பார்த்து எல்லாவற்றையும் அனுப்பிவிட்டாள்.

மார்ச் 14, வெள்ளி

கிரெக் என்னையும் லின்னையும் கூப்பிட்டார். அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தீர்களா என்று என்னிடம் கேட்டார்.

"சாப்பாட்டு மேசையில் பேசினோம். அவளும் இருந்தாள்" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பேசியது தமிழில் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. சொன்னால் லைன் லீடர் வேலை என்னாகும் என்று ஒரு கணம் யோசித்தேன் — ஒரு கணம்தான், அது போதுமாக இருந்தது. கிரெக் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி, "ஆமாம், இதிலும் இருக்கிறாளே" என்றார். நான் தலையாட்டினேன்.

பிறகு அவளிடம், மற்றவர்கள் முதல் தட்டுகளை எடுத்து வைப்பதைப் பார்க்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றாள். எனக்குக் கோபம்கூட வந்தது. பக்கத்தில் நின்றவளுக்குக் கண் இல்லையா? அந்தக் கோபம் எனக்கு வசதியாகவும் இருந்தது.

மார்ச் 15, சனி

கோயிலுக்குப் போனேன். கும்பிட ஒன்றும் வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

லின் இல்லை. இனி வரவேண்டாம் என்று ஏஜென்சி சொல்லிவிட்டதாம்.

சாப்பிடும்போது கஜந்தி மெதுவாகக் கேட்டாள்: "அன்ரி, அவவுக்குத் தமிழ் விளங்காதெல்லோ?"

சிவசோதிக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "நாங்கள் என்ன, வேணுமெண்டே மறைச்சனாங்களோ? விடிஞ்சதிலயிருந்து யெஸ் யெஸ் எண்டு தலையாட்டுறன். இந்த அரை மணித்தியாலமாவது வாய் திறந்து கதைக்க வேண்டாமோ வதனாக்கா?"

பாவம், படகில் வந்து இத்தனை வருசமாக விசாவுக்குக் காத்திருப்பவன். ஆங்கிலம் அவனுக்கு முள். அவன் சொல்வதும் நியாயம்தான். ஆனால் நான் ஆங்கிலம் பேசுவேனே. லின் பக்கம் திரும்பி இரண்டு வசனம் சொல்ல எனக்கு என்ன வந்தது? அவள் சிரித்தாள், விளங்கிவிட்டது என்று நினைத்தேன் — இல்லை, அதுவும் பொய். நான் அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. அவளைப் பற்றி நினைக்கவே இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

கிரெக்கிடம் போய்ச் சொன்னேன். "தமிழில்தான் சொன்னோம். பிழை அவளுடையது இல்லை, என்னுடையது." பட்ஜையும் கழற்றி மேசையில் வைத்தேன். அவர் அதை எடுத்து மேசை லாச்சியை இழுத்து உள்ளே போட்டார். பிறகு ஏஜென்சியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

என் வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

லின்னிடம் மன்னிப்புக் கேட்க, அவள் இருக்கும் கப்ரமட்டாவுக்குப் போனேன். ஸ்ரேசனுக்குப் பக்கத்துக் கோப்பிக் கடைக்கு வந்தாள். நடந்ததை எல்லாம் சொல்லி, அந்தத் தட்டுகள் ஒட்டாதவை, அதனால்தான் எறிகிறோம் என்றேன். அவள் முழித்தாள்.

"எறியவா?" என்றாள். "நான் பார்த்தேன். நீலப் பெட்டி பின்கதவால் போவதை ஒவ்வொரு நாளும் பார்த்தேன். நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று நினைத்தேன்."

"பிறகு ஏன் கிரெக்கிடம் பார்க்கவில்லை என்றாய்?"

"அவர் அதைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்தேன். சொன்னால் உங்களுக்கு வேலை போய்விடுமே. எனக்குப் புட்டுத் தந்தீர்கள்."

எங்களைக் கள்ளர் என்று நினைத்துக்கொண்டே எங்களைக் காப்பாற்றியிருக்கிறாள். நான் என்ன செய்தேன்? ஐயோ, அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே —

கோப்பிக்கும் அவளே காசு கொடுத்தாள்.

ஏப்ரல் 2, புதன்

லின் திரும்பி வந்துவிட்டாள். நான் இன்னும் லைன் லீடர்தான். ஒழுகிய தட்டுகளின் பிழை என் பெயரில் எழுதப்பட்டுவிட்டது. பட்ஜ் கிரெக்கின் லாச்சியில் கிடக்கிறது.

சாப்பிடும்போது சிவசோதி தானாகவே எழும்பி, லின்னுக்கு அந்தக் கதையை ஆங்கிலத்தில் தொடங்கினான். கொஞ்சம் சொல், மிச்சம் கை. "கிரீன் லைட், நோ பிலீவ்! கறி, மை ஷூ! டோக் கம்!" கதை பழசு. எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. லின் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு கண்ணைத் துடைத்தபடி என் பக்கம் திரும்பி, "அன்றைக்கும் இதற்குத்தானா சிரித்தீர்கள்?" என்று கேட்டாள்.

எதற்கென்று தெரியாமலே அன்றைக்கு எங்களோடு சிரித்தவளுக்கு, ஓம் என்று தலையாட்டினேன்.