தாளில் ஏறிய மெட்டு

ஒமாஹா, நவம்பர் 1937

அன்புள்ள ஓபல்,

உன் இருமல் நின்றதா? நம் மகள் வெர்னெல் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறாளா? நான் நலம். பேருந்திலேயே தூங்கித் தூங்கி இடுப்புதான் விட்டுப்போகிறது.

எங்கள் இசைக்குழுவில் இப்போது எல்லாமே மெட்டு எழுதிய தாளைப் பார்த்துத்தான். முன்பு கேன்சஸ் சிட்டியில் வாசித்தபோது ஒருவன் ஊதியதை மற்றவர்கள் காதால் பிடித்துக்கொண்ட காலம் போயிற்று. நேற்று ஒத்திகையில் தலைவர் டாலிவர் என் சாக்ஸபோனை நிறுத்தினார்.

"எல்வுட், தாள்ல இருக்கிறத ஊதுய்யா! கடைசியில எதுக்கு மேல ஏத்துற?"

"அந்த மெட்டே நான் போட்டதுதாங்க."

"போட்டது நீதான். இப்ப அது பதினாலு பேரோடது."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். பயப்படாதே, வேலை போகவில்லை. முடிந்தால் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு.

நான் போட்ட அந்த மெட்டு, வெர்னெலைச் சாப்பிட வரச்சொல்லி நீ பின்கதவிலிருந்து கூப்பிடுகிற மெட்டு. அதை யாரிடமும் நான் சொல்லவில்லை. கடைசியில் குரலை மேலே ஏற்றித்தானே கூப்பிடுவாய்? வீட்டை விட்டு வந்து எட்டு மாதமாயிற்று, தாளைப் பார்த்துப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பேருந்து கிளம்புகிறது. காலுறையை மறந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் எழுது.

உன் எல்வுட்