தராசுக்குக் காற்றுப் படக்கூடாது

என் பிள்ளைக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது விசர் வேலைதான். ஆனால் நீ வேட்டைத் துவக்கு வாங்கிவந்த நாளிலிருந்து எட்டு மாதமாக உன்னோடு கதைக்காத எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நேற்று உன் மேசையில் நீ சுட்டுப் பழகிய இலக்குத் தாளைக் கண்டேன். ஐந்து துளையும் ஐந்து திசையில் இருந்தன. "நானே அடைச்ச ரவையள் அம்மா, எல்லாத்துக்கும் ஒரே அளவாத்தானே வெடிமருந்து நிறுத்துப் போட்டனான்" என்று நீ அழுததும் கேட்டது.

பிழை உன்னுடையதல்ல. நீ தராசில் வெடிமருந்து நிறுத்த அன்று அம்மா மீன் பொரித்தாள். "மணக்குதெண்டு பக்கத்து வீட்டுச் சனம் முறைப்பாடு வைக்கும்" என்று எல்லா யன்னலையும் திறந்துவிட்டாள். அந்தக் காற்றில் உன் சின்னத் தராசு எப்படி உண்மை சொல்லும்? இந்தப் பாசல் நகரத்தில், நோய்க்கு மருந்து செய்யும் கம்பனியில் இருபது வருடமாக நிறுக்கிறேன். மூச்சுப் பட்டாலே இலக்கம் மாறும்.

வேலையிடத்தில் கழித்துவிட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்திருக்கிறேன். தராசை அதற்குள் வைத்து நிறு.

மான் ஒரே வெடியில் விழவேண்டும், பிள்ளை. காயத்தோடு ஓடுவது எப்படியென்று ஊர்ச் சண்டைக்குள் ஓடிய எனக்குத் தெரியும். அதை இதில் எழுதமாட்டேன்.

அடுத்த முறை சுட்டுப் பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போ. முதல் வெடிச் சத்தத்துக்கு நான் நிலத்தில் படுத்தாலும் படுப்பேன். சிரிக்காமல் கை தந்து எழுப்பிவிடு. இரண்டாவதுக்கு நிற்பேன்.

அப்பா