பவுடர் டப்பா

கார்த்திகை 9, செவ்வாய்

இன்று ஆளெடுப்பு. எங்கள் ஓசூர் கம்பெனியில் இப்போதெல்லாம் முதல் இன்டர்வியூவை நாங்கள் எடுப்பதில்லை. கம்ப்யூட்டர் எடுக்கிறது. அதன் கேமரா முன் உட்கார்ந்து பேசினால் மார்க் போடும்.

சிங்காரப்பேட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள் செல்வி. நல்ல கறுப்பு. உட்கார்ந்ததும், "முகம் தெரியவில்லை, வெளிச்சத்துக்கு வரவும்" என்றது திரை. நாற்காலியை ஜன்னலோரம் போட்டேன், லைட்டைத் திருப்பினேன். அதே பதில்தான். அவளுக்கு முன்னால் அங்கே உட்கார்ந்த சிவத்த பெண்ணுக்கு ஒரு தடங்கலும் இல்லை.

மேனேஜரிடம் போய், "இந்தப் பொண்ண நாமளே நேரா கேள்வி கேட்டுக்கலாமே சார்" என்றேன்.

"மெஷினுக்குக் கறுப்பு செவப்பு தெரியுமாம்மா? மனுஷன் பாத்தாதான் பாரபட்சம்."

"இத யாராச்சும் சோதிச்சுப் பாக்கணும்னு சட்டம் இல்லையா சார்?"

"வந்தா பாத்துக்கலாம்."

திரும்பி வந்தால், செல்வி முகம் முழுக்கப் பவுடர் அப்பியிருந்தாள். கழுத்து மட்டும் அவள் நிறத்தில் இருந்தது. "இப்ப எடுத்துக்கிச்சுக்கா!" என்று சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கும்போதும் அவள் அம்மா இப்படித்தான் அப்பி அனுப்புவாராம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னாலேயே வந்து பார்த்த மேனேஜருக்கு வந்தது. நாளைக்கும் ஆட்கள் வருவார்கள், ஒரு பவுடர் டப்பா வாங்கி வைத்துவிடு என்றார்.

பஸ் ஸ்டாண்டு கடையில் நின்றேன். சின்னதா, பெரியதா என்று கடைக்காரர் கேட்டார்.

பெரியது என்றேன்.